ஆறாவதாகப் பேசப்போகிறவருக்கு

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

"எங்கள் ஒன்றியத்தின் முன்னாள் தலைவர் போன வாரம் காலமானார். நான் எதிர்க்கட்சிக்காரன். 2006லும் 2011லும் கவுன்சிலர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று இரண்டு முறையும் தோற்றேன். பதினாறாம் நாள் படத்திறப்பில் நான் பேசியே ஆகவேண்டும் என்று அவர் சம்சாரமே ஆள் அனுப்பிக் கேட்டார். பத்துப் பேர் பேசுகிறோம், நான் ஆறாவது, ஏழு நிமிடம். எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது? அவர் இரண்டு முறை கட்சி மாறியவர், அதைத் தொடலாமா? கல்லூரியில் படிக்கிற என் மகள், அணி, உவமை எல்லாம் போட்டுப் பேசினால் நடிப்பு மாதிரி இருக்கும்ப்பா என்கிறாள். அவள் சொல்வது சரியா?"

கீழே பின்குறிப்பாக நான்கு வரி எழுதியிருக்கிறார். அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன், காரணம் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

உங்கள் உரையை மூன்று முறை படித்தேன். "சூரியன் அஸ்தமித்துவிட்டது, ஆலமரம் சாய்ந்துவிட்டது, ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு" என்று தொடங்குகிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதே மூன்றையும் உங்களுக்கு முன்னால் பேசப்போகிற ஐந்து பேரில் மூன்று பேராவது சொல்லிவிடுவார்கள். அதைவிட முக்கியம், ஆலமரம். கஜா புயலில் ஊர் முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்த ஜனங்கள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள், அவர்களுக்கு மரம் சாய்வது என்றால் உவமையே இல்லை, அது கடன், இழப்பீட்டு மனு, தாசில்தார் ஆபீஸ் வரிசை. அவர்களிடம் போய் ஆலமரம் சாய்ந்தது என்றால் மனம் தலைவர் பக்கம் போகாது, தோப்புப் பக்கம் போய்விடும்.

நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மற்றவர்களுக்கு உரை எழுதிக் கொடுக்கிறவன், இதில் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஊரில் ஒரு கட்சிப் பிரமுகருக்கு இரங்கல் உரை எழுதிக் கொடுத்தேன், நல்ல பெயர் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து அதே ஊரில் வேறொருவருக்குக் கேட்டார்கள். சோம்பேறித்தனம், பழையதில் ஒரு பத்தியை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், இவரும் ஏழைகளின் விடிவெள்ளிதானா?" அந்தப் பக்கத்தில் நடக்கிற எல்லாக் கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர், அவரை ஏமாற்ற முடியாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு சோதனைதான். ஒவ்வொரு வரியிலும் இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு வேறொரு தலைவர் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். வரி அப்போதும் நன்றாகவே நிற்கிறதா, வெட்டிவிடுவேன். உங்கள் உரைக்கு இதைச் செய்தால் ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் மிஞ்சும். கவலைப்படாதீர்கள், அந்த ஒரு நிமிடம் நல்ல நிமிடம்.

மகள் கேட்டதற்கு வருகிறேன். அவளுக்குப் புறநானூற்றுப் பாட்டு ஒன்றைக் காட்டுங்கள், 235வது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது. அவனும் அரசியல் தலைவன்தான், தகடூரை ஆண்டவன், மார்பில் வேல் பாய்ந்து செத்தவன். சாவுப் பாட்டுக்கென்றே புறத்திணையில் ஒரு துறை இருக்கிறது, பெயர் கையறுநிலை. செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலை என்று அர்த்தம், பேரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே." கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமானாலும் பல கலங்களில் பங்கு போவது, நிறைய இருந்தாலும் அப்படியே. கறித்துண்டு இருக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வருகிற இடமெல்லாம் அவன். அப்புறம், நரந்தம் மணக்கிற தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான்.

இதில் ஒரு "மாமன்னன்" உண்டா? "வீரத்தின் விளைநிலம்" உண்டா? கள், சோறு, கறி, கை. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் "மன்னே" என்று ஒரு சின்னச் சொல் வந்து விழுகிறது, ஏழு முறை. மன் என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் மூன்று பொருள் சொல்கிறார், அதில் முதலாவது கழிவு, அதாவது அது போயிற்று என்பது. கொடுப்பான், அது போயிற்று. குடிப்பான், அது போயிற்று. தடவிக்கொடுப்பான், அதுவும் போயிற்று. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாங்குகிற மாதிரி. இது உத்திதான், சந்தேகமே இல்லை, சுத்தமான அணி இலக்கணம். இதைப் படித்துவிட்டு ஔவை நடித்தாள் என்று உங்கள் மகளால் சொல்ல முடிந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிற பாட்டிமாருக்கும் சந்தமும் திரும்ப வரும் அடியும் உண்டு, அவர்கள் அழுவது பொய் என்று யாரும் சொல்வதில்லை. கட்டு இருப்பதால்தான் அவர்களால் அத்தனை நேரம் உடைந்து போகாமல் அழ முடிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "கொடுப்பார்", "வருவார்", "உட்காருவார்" என்று நாம் பழைய வழக்கத்தைச் சொல்லும்போது வருகிற வினை, நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிற அதே வினை. "அண்ணன் காலையில் ஆறு மணிக்கு டீக்கடைக்கு வருவார்" என்று நீங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் போதும், இனி வரமாட்டார் என்பதைக் கூட்டமே மனதுக்குள் சொல்லிக்கொள்ளும். நீங்கள் அதை விளக்கத் தேவையில்லை, விளக்கினால் கெட்டுவிடும். நம் மொழி சும்மா கொடுக்கிற வசதி இது, இதை விட்டுவிட்டு எதற்கு அஸ்தமனச் சூரியன்?

எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் தொடங்கிய ஒரு பேச்சைச் சொல்கிறேன். 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே கால் சுமாருக்கு டெல்லி பிர்லா மாளிகையில் காந்தி சுடப்படுகிறார். அன்று இரவே நேரு வானொலியில் பேசுகிறார், எழுதி வைத்துக்கொண்டு படித்ததல்ல. நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது, எங்கும் இருள், உங்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை என்று ஆரம்பிக்கிறார். பாபு இல்லை என்கிறார். உடனே, அப்படிச் சொல்வது தவறோ என்னவோ என்று தயங்குகிறார். இன்னும் சில வாக்கியம் போனதும் தன் முதல் வரிக்கே திரும்பி வந்து, ஒளி போய்விட்டது என்றேன், நான் சொன்னது தவறு, இந்த நாட்டில் எரிந்தது சாதாரண ஒளியல்ல, ஆயிரம் வருஷம் கழித்தும் தெரியும் என்கிறார்.

சொன்னதைத் தானே திருத்திக்கொள்வது, அதுவும் இரண்டு தடவை, முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக. பேச்சுக்கலை வகுப்பில் இதை ஒரு உத்தி என்று பெயர் வைத்துச் சொல்லித்தருகிறோம், ஆனால் அன்று இரவு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு மனிதன் கண்ணெதிரே யோசிப்பதாகத்தான் இருந்திருக்கும். முதல் வரியிலேயே "ஒளி அணையவில்லை, ஆயிரமாண்டு எரியும்" என்று தொடங்கியிருந்தால் அது சுவரொட்டி வாசகம். முதலில் இருட்டுக்குள் எல்லோரோடும் சேர்ந்து நின்றார், அதனால்தான் பிறகு வெளிச்சத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை கிடைத்தது.

நேருவின் உரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். அதே பேச்சில் அவர் நேரம் காலம் சொல்கிறார். உடலைப் பதப்படுத்தி வைத்திருந்து மக்கள் பார்க்க விடலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள், காந்தி அதை விரும்பவில்லை, அதனால் வேண்டாம். நாளை காலை பதினொன்றரைக்குப் பிர்லா மாளிகையிலிருந்து ஊர்வலம் கிளம்பும், மாலை நான்கு மணிக்கு யமுனைக் கரையில் தகனம், அதிகம் பேர் பிர்லா மாளிகைக்கே வர வேண்டாம், வழியின் இரண்டு பக்கமும் நில்லுங்கள், அமைதியாக நில்லுங்கள். பதறிப்போய் நிற்கிற கூட்டத்துக்கு நாளைக்கு எங்கே போய் நிற்பது என்று ஒருவர் சொல்வதில் இருக்கிற ஆறுதல் எந்த உவமையிலும் கிடையாது.

இப்போது அந்தப் பின்குறிப்பு. நீங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"இது உரையில் இல்லை, சும்மா உங்களுக்குச் சொல்கிறேன். கஜா அடித்த மூன்றாம் நாள் ராத்திரி அவர் ஒரு டாடா ஏஸில் நாற்பது தார்ப்பாயோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தம்பி, ஒங்க தெருக்காரங்க நான் குடுத்தா வாங்க மாட்டாங்க, நீ குடு என்றார். எந்தெந்த வீட்டில் கூரை போயிற்று என்று பட்டியலும் வைத்திருந்தார். நான்தான் கொடுத்தேன். இது வெளியே யாருக்கும் தெரியாது."

ஐயா, இரண்டு பக்கத்துக்கு உரை எழுதிவிட்டு, உரையைப் பின்குறிப்பில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தது, அதற்கப்புறம் வாரக்கணக்கில் உங்கள் பக்கம் கரண்ட் இல்லை. அந்த இருட்டில் எதிர்க்கட்சிக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்று, தன் பேர் வராமல் கொடு என்று சொன்ன ஒன்றியத் தலைவர் எத்தனை பேர்? பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள், நிற்காது. மைக் செட்காரரே வயரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

ஆனால் இதில் உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன். இத்தனை வருஷமாக அந்த நாற்பது வீடும் உங்களுக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேரை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள். இதைப் பின்குறிப்பில் தள்ளியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடையில் அதைத் திருப்பிக் கொடுங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம், உங்கள் வாய்க்கு வருகிறபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்தக் கூட்டத்தில் என்னிடம் தார்ப்பாய் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். கஜா அடித்தபோது நான் கொடுத்தேன். நல்லா இருப்பா என்று வாழ்த்தினீர்கள். நான் கொடுத்தேன் என்றேனே, அது தவறு. என் கைதான் கொடுத்தது."

பார்த்தீர்களா, நேரு செய்த அதே திருத்தம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அதையே மறுப்பது. வித்தியாசம், இதில் உங்களுக்கு நஷ்டம் இருக்கிறது, அதனால் யாரும் நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் அந்த ராத்திரியைச் சொல்லுங்கள், வண்டி, பட்டியல், அவர் சொன்ன வார்த்தை. "நான் குடுத்தா வாங்க மாட்டாங்க, நீ குடு" என்ற வரியைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள், மேடைக்காகத் திருத்தாதீர்கள். உரையில் அது மூன்று இடத்தில் வரட்டும், அதுதான் உங்கள் "மன்னே". முதலில் கதையாக, நடுவில் ஒரு முறை, கடைசியில் "நீ குடு" என்ற இரண்டு சொல் மட்டும். நான்காவது தடவை வேண்டாம்.

எந்தத் தெரு, எந்த வீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்கினவர்கள் தலை குனியக் கூடாது.

கட்சி மாறிய விஷயம். தொடுங்கள், ஒரே வாக்கியத்தில். ஊரே அறிந்ததை மேடையில் மறைத்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள், அதுவும் நீங்கள் எதிராளி, நீங்களே மறைத்தால் பணம் வாங்கிவிட்டார் என்பார்கள். எப்படித் தொடுவது என்பதற்கு சர்ச்சிலைப் பாருங்கள். 1938இல் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், போரைத் தவிர்க்க ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்து மியூனிக் ஒப்பந்தம் செய்தபோது, ஒரே கட்சிக்காரராக இருந்தும், இது முழுத் தோல்வி என்று நாடாளுமன்றத்தில் கிழித்தவர் சர்ச்சில். 1940 மே மாதம் சேம்பர்லின் இடத்தில் பிரதமராக உட்கார்ந்தார். நவம்பர் 9 சேம்பர்லின் இறந்தார், 12ஆம் தேதி சர்ச்சில் இரங்கல் உரை சொல்ல வேண்டும், வெளியே லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருக்கிற காலம், யார் சரி யார் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மறைக்கவில்லை. நிகழ்ச்சிகள் சேம்பர்லினைப் பொய்யாக்கின, அவர் நம்பிக்கை ஏமாந்தது, ஒரு கொடியவன் அவரை வஞ்சித்தான் என்று நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: ஏமாந்துபோன அந்த நம்பிக்கைகள் எவை? சமாதானத்தின் மேல் ஆசை, அதற்காக உழைப்பு, அதைத் தேடி அலைந்தது என்று தானே பதிலும் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அது எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று காட்டுவது. தான் சொன்னது பலித்தது என்று ஒரு சொல் இல்லை.

உங்களுக்கும் அதே வழி. "இரண்டு முறை கட்சி மாறினார், மேடை போட்டுத் திட்டியவர்களில் நானும் ஒருவன்" என்று சொல்லலாம். அடுத்து எதற்காக மாறினார் என்பதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருந்தால் சொல்லுங்கள், பாலத்துக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ. இல்லையென்றால் திட்டினேன் என்பதோடு நிறுத்திவிடுங்கள், இல்லாத காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். பதினாறாம் நாள் தீர்ப்பு எழுதுகிற நாளும் இல்லை.

எதிரணியில் இருந்துகொண்டு பெரிதாகப் புகழலாமா என்ற தயக்கம் உங்கள் உரை முழுக்கத் தெரிகிறது. நேரு இறந்து இரண்டு நாள் கழித்து, 1964 மே 29, மாநிலங்களவையில் ஜனசங்கத்துக்காரரான வாஜ்பாய் பேசினார். ஒரு கனவு பாதியில் நின்றது, ஒரு பாட்டு ஊமையானது, ஒரு சுடர் எல்லையற்றதில் கலந்தது என்று மூன்றை வரிசையாக வைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, என்ன கனவு, என்ன பாட்டு, என்ன சுடர் என்று விரித்தார். அலங்காரம் அதிகம்தான், என் ருசிக்குக் கொஞ்சம் தித்திப்பு. ஆனால் கருத்து வேறுபாடு இருந்ததையும் அதே பேச்சில் சொன்னார், அதனால் புகழ்ச்சிக்கு எடை கூடியது. எதிராளி வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லுக்கு சொந்தக் கட்சிக்காரரின் பத்துச் சொல் ஈடாகாது, நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

இறந்தவரை நேரே கூப்பிட்டுப் பேசுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் மேடைகளில் இது மிகவும் புழங்கிப்போன உத்தி, நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 1969 பிப்ரவரி 3 அண்ணா மறைந்தபோது கருணாநிதி பாடிய இரங்கல் கவிதையில் அண்ணாவின் இதயத்தை இரவலாகக் கேட்கிறார், நான் வரும்போது கொண்டுவந்து காலடியில் வைக்கிறேன் என்கிறார். 2018 ஆகஸ்டில் அவரை மெரினாவில் அண்ணா பக்கத்திலேயே அடக்கம் செய்தபோது பலருக்கும் நினைவுக்கு வந்தது அந்த இரவல்தான். அப்போது ஸ்டாலின் எழுதிய கடிதம் இன்னும் சிக்கனம்: எப்போதும் தலைவரே என்றே அழைத்துவந்தவர், இப்போதாவது ஒரே ஒரு முறை அப்பா என்று அழைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இரண்டிலும் வேலை செய்வது உறவுச்சொல். இவர் அவரை எப்படிக் கூப்பிடுவார் என்பது ஊருக்குத் தெரியும், அது அந்த இடத்தில் மாறுகிறது, அல்லது கனக்கிறது.

நீங்கள் அவரைத் தனியாக இருக்கும்போது அண்ணே என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள், மேடையில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள், என் ஊகம் சரியா? அப்படியானால் உரை முழுக்க "தலைவர் அவர்கள்" என்றே சொல்லிக்கொண்டு வாருங்கள். கடைசியில் படத்தின் பக்கம் திரும்பி ஒரே ஒரு "அண்ணே". அதற்கு மேல் இரண்டு வரி, உட்கார்ந்துவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள். ஏழு நிமிடம் என்றால் எழுத்தில் அறுநூறு சொல்லைத் தாண்ட வேண்டாம், படத்திறப்பில் யாரும் வேகமாகப் பேச முடியாது. மேடையில் இருப்பவர்கள் பெயரை வரிசையாக விளிக்கப் போனால் அதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும், ஒருவரை விட்டாலும் வம்பு, அதனால் பேர் சொல்கிற வேலையைத் தொகுத்து வழங்குகிறவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு, நீங்கள் அந்த அம்மாவையும் பிள்ளைகளையும் மட்டும் விளித்துத் தொடங்குங்கள். அவர் வகித்த பதவிகள், ஆண்டுகள், திறந்துவைத்த கட்டிடங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், முன்னால் பேசுகிற ஐந்து பேரும் அதைத்தான் படிப்பார்கள். தாளில் எழுத்தைப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், கண் கலங்கினால் சின்ன எழுத்து தெரியாது. தொண்டை அடைத்தால் நின்றுவிடுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், கூட்டம் காத்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கே அவர் வீட்டுக்குப் போய், தார்ப்பாய் விஷயத்தை மேடையில் சொல்லலாமா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தவர் அவர், சம்மதம் கொடுக்க வேண்டியவர் அவர் மனைவிதான். எத்தனை தார்ப்பாய் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்பது என்று உங்கள் நினைவு, அவர் கையால் எழுதிய அந்தப் பட்டியல் அந்த வீட்டு அலமாரியில் இன்னும் இருந்தாலும் இருக்கும்.